வேர்க்காத கோடை

எனக்கு வேர்ப்பது நின்றுபோனதை முதலில் கவனித்தது பாண்டியம்மாள்தான். இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் வேலை பார்க்கிறோம். வெளுத்துக் காய்ந்து வரும் துணியை அளவாக வெட்டி, மடித்து, உறைக்குள் போட்டு, கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்ப வேண்டும். ஆட்டோகிளேவ் என்பது ஓர் அறை அளவுள்ள பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கதவைத் திறக்கும்போதெல்லாம் சுடுகாற்று எங்கள் மேஜை வரைக்கும் வரும். துணி பறக்கும் என்பதால் மின்விசிறியையும் மெதுவாகத்தான் ஓடவிடுவார்கள். சித்திரை வைகாசியில் அங்கே செத்த நேரம் நின்றால் போதும், ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கோடையில் எனக்கு மட்டும் ஒட்டவில்லை.

“எங்களுக்கெல்லாம் ஊத்துது. ஒங்களுக்கு மட்டும் எப்படிக்கா பவுடர்கூட கலையாம இருக்கு?” என்று பாண்டியம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்கும் அது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. உடம்பு தேறி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். வேர்க்காமல் இருப்பது ஒரு நோயின் அறிகுறியாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

என் பெயர் கிரேஸ். ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா இருந்தவரை கூமாப்பட்டியில் அம்மாவோடு இருந்தேன். அம்மா போன பிறகு அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வர முடியவில்லை என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடிவீட்டை வாடகைக்குப் பிடித்தேன். கீழ்வீட்டில் வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புக்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி மும்தாஜ். மும்தாஜுக்கும் எனக்கும் பேச்சு என்றால் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, மோட்டாரை நிறுத்துங்கள், இந்த அளவில்தான். அவர்கள் நல்லவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நல்லவர்கள் என்று தெரிந்துகொண்டு ஒதுங்கியே இருப்பதும் ஒரு பழக்கமாகிவிடுகிறது.

வயிற்று வலி ஆரம்பித்தது அதற்கு முந்தைய மழைக்காலத்தில். தொப்புளுக்குக் கீழே யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல இழுக்கும். அதோடு கழிவறைக்கு ஓட வேண்டும். போய்விட்டு வந்தால் கொஞ்சம் அடங்கும், பிறகு மறுபடியும் பிடிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வயிற்று மருத்துவரிடம் போனேன். அவருடைய முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது, எல்லோரும் ஜோடியாகவோ கும்பலாகவோ வந்திருந்ததைப் பார்த்தேன். ஒருவர் வலியோடு உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்திருப்பார். எனக்கு நானேதான் பை பிடித்துக்கொண்டிருந்தேன். ரத்தம், மலம், வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில், புற்றுநோய் என்று சொல்லிவிட்டால் முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி சாமுவேலைத் தவிர வேறு பெயர் வரவில்லை.

புற்றுநோய் இல்லை. குடலில் புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. குடலின் தசை தேவையில்லாத நேரத்தில் சுருங்கி இழுத்துப் பிடிக்கிறது, பயமும் கவலையும் அதைக் கூட்டும் என்றார் மருத்துவர். இழுப்பைத் தளர்த்த ஒரு மாத்திரை எழுதினார். அதில் இருக்கும் மருந்தின் பெயர் டைசைக்ளோமின். வலி வந்தால் மட்டும், சில நாட்களுக்கு மட்டும் போட வேண்டும், இரண்டு வாரத்தில் திரும்ப வந்து காட்ட வேண்டும் என்று தெளிவாகவே சொன்னார். நான் திரும்பப் போகவில்லை. மாத்திரை அவ்வளவு நன்றாகக் கேட்டது.

போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நாள் காலையில் இராஜபாளையம் போகும் பஸ்ஸில் நடுவழியில் வயிற்றைப் பிடித்துவிட்டது. நான் இறங்க வேண்டிய இடம் இன்னும் தூரத்தில் இருந்தது. கண்டக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. யாரோ ஒருவர் நிறுத்தச் சொல்லி இறங்கிய இடத்தில் நானும் குதித்து இறங்கி, ரோட்டோரத்துப் பருத்திக் காட்டுக்குள் ஓடினேன். ஓடிப் போய்ச் சேர்வதற்குள்ளேயே கட்டுப்பாடு போய்விட்டது. ஒரு வாய்க்காலில் புடவையை அலசி, ஈரத்தோடு எதிர்ப்பக்க பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பினேன். பக்கத்தில் உட்கார வந்த பெண் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்சீட்டுக்குப் போனாள். அன்றைக்கு லீவு போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இதுவரைக்கும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு வலி வருகிறதோ இல்லையோ, பஸ் ஏறும் முன் ஒரு மாத்திரை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. திரும்பும்போது கூட்டமாக இருக்கும் என்று சாயங்காலம் ஒன்று. மருத்துவரிடம் போனால் நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கொடுத்தார்கள். பிறகு சீட்டைக் காட்டவும் தேவைப்படவில்லை.

மெதுவாகச் சில மாற்றங்கள் வந்தன. வாய் வறண்டது. இட்லி தொண்டையில் அப்பிக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுப் பாடும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, வார்த்தை பாதியில் நின்றது. வேதப்புத்தகத்தில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வயசாகிவிட்டது என்று கண்ணாடியை மாற்றினேன். மாற்றியும் தெளியவில்லை. எதற்கெடுத்தாலும் ஓடிக்கொண்டிருந்தவளுக்கு மலச்சிக்கல் வந்தது. அதற்காகக் கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னேன். சிறுநீர் கழிக்க உட்கார்ந்தால் வெகுநேரம் ஆனது. இதெல்லாம் தனித்தனியாக வந்ததால் தனித்தனியாகவே நினைத்தேன். வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருந்தால், “என்ன, எப்பப் பாத்தாலும் தண்ணியே குடிக்கிற?” என்று ஒரு நாளாவது கேட்டிருப்பார்கள்.

இதற்கிடையில் தலைவலியும் தூக்கமில்லாமையும் சேர்ந்துகொள்ள, இராஜபாளையத்தில் வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். ராத்திரி போட ஒரு மாத்திரை தந்தார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். வயிற்றுக் கதையை ஓர் ஆண் மருத்துவரிடம் மறுபடியும் சொல்லக் கூச்சப்பட்டு, இல்லை என்றேன். வைகாசியில் கடுமையாகச் சளி பிடித்தது. கடையில் கேட்டுச் சளி மாத்திரை வாங்கிப் போட்டேன். மூக்கு ஒழுகுவது உடனே நின்றது. மூன்று மாத்திரையும் ஒரே வேலையைச் செய்கிறவை என்று எனக்குத் தெரியாது.

விழுந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்தது பாதி, பாண்டியம்மாள் சொன்னது பாதி. காலையிலிருந்தே என் முகம் செவசெவ என்று இருந்திருக்கிறது. கண்கூசுகிறது என்று ஜன்னலை மூடச் சொன்னேனாம். வெள்ளைத் துணியெல்லாம் எறும்பு ஊர்வதுபோல எனக்குத் தெரிந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு மடிப்பையும் பிரித்து உதறி உதறிக் கீழே போட்டேன். மேஜை நிறையச் சேர்ந்திருந்த வேலை முழுக்க வீணாயிற்று. பாண்டியம்மாள் என் கையைப் பிடித்தபோது, “விடுங்க சித்தி, எறும்பு கடிச்சிரும்” என்றேனாம். என் சித்தி இறந்து வெகுகாலம் ஆகிறது. பாண்டியம்மாள் என் கையைத் தொட்டதும் பதறியிருக்கிறாள். “அடுப்புல வச்ச கல்லு மாதிரி கொதிக்குதுக்கா, ஒரு சொட்டு வேர்வை இல்ல,” என்று பிறகு சொன்னாள். எழுந்து நாலு எட்டு வைத்தேன், விழுந்தேன்.

கம்பெனி வேனில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கோடையில், சூடான இடத்தில் வேலை செய்கிற பெண், உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றதும் முதலில் பார்த்தவர்கள் வெயில் தாக்கு என்று நினைத்தது நியாயம்தான். ஈரத்துணி போட்டு, விசிறி வைத்து, சலைன் ஏற்றினார்கள். உடம்புச் சூடு கொஞ்சம் குறைந்தது; புத்தி மட்டும் தெளியவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று தலையை ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற பேச்சும் வந்தது. கம்பெனியிலிருந்து வந்த ஒருவர், இது மனநோய் மாதிரி இருக்கிறது என்று வெளியே நின்று சொன்னாராம்.

அந்த நேரத்தில் வார்டுக்கு வந்த மருத்துவர் ஒரு பெண். என்னைவிட ரொம்பச் சின்னவர். அவர் செய்த முதல் காரியம் என் அக்குளில் கையை வைத்துப் பார்த்தது. எத்தனை காய்ச்சலிலும் அங்கே கொஞ்சம் ஈரம் இருக்கும். எனக்குக் காய்ந்து கிடந்தது. விளக்கைக் கண்ணில் அடித்தார். பாவை பெரிதாக விரிந்தபடியே இருந்தது, சுருங்கவில்லை. அடிவயிற்றை அழுத்தினார். சிறுநீர்ப்பை நிறைந்து கல்லாக இருந்தது. வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், குடல் அசையும் சத்தமே இல்லை. இவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பாண்டியம்மாளிடம் கேட்டார்.

“தெரியல டாக்டர்,” என்றாள் பாண்டியம்மாள். “வருசக்கணக்கா பக்கத்துலதான் நிக்கேன். என்ன மாத்திரை சாப்பிடுதாங்கன்னு கேட்டதில்ல.”

இதை என்னிடம் சொன்னபோது அவள் அழுதாள். ஆனால் அவள் கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

என் செல்போனில் தம்பியின் எண்ணை மட்டும் பாண்டியம்மாளால் கண்டுபிடிக்க முடிந்தது. அவனுக்கும் தெரியாது. அவன் கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறும் முன், வீட்டு அட்வான்ஸ் பேசிய காலத்தில் வாங்கி வைத்திருந்த கீழ்வீட்டு எண்ணுக்குப் போன் செய்தான். வீட்டில் என்ன மாத்திரை இருந்தாலும் எடுத்துவந்து காட்டச் சொல்லுங்கள் என்று மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னான். கடையை விட்டு வீட்டுக்காரரால் வர முடியவில்லை. மும்தாஜ் தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

இனி என் பக்கத்தைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதுதான் கஷ்டம்.

நான் சந்தோஷமாக இருந்தேன். கட்டிலைச் சுற்றி ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். சித்தி இருந்தாள். என்னோடு படித்த பிள்ளைகள் அதே வயதில் சீருடையோடு இருந்தார்கள். பெயர் தெரியாதவர்களும் இருந்தார்கள், ஆனால் எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. யாரும் அவசரப்படவில்லை. எல்லோருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நடுநடுவே துணி மடித்தேன். நர்ஸ் பார்த்தது என்னவென்றால், ஒரு நோயாளி, இல்லாத டம்ளரை நீட்டுகிறாள், போர்வையிலிருந்து இல்லாத நூலைப் பிடித்து இழுக்கிறாள், காற்றை நாலாக மடித்து வைக்கிறாள். இந்த மருந்து தலைக்கேறினால் இப்படித் துணியைப் பிடுங்குவதும் காற்றில் எதையோ எடுப்பதும் வழக்கம்தானாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அது என் வாழ்க்கையில் நான் விருந்து வைத்த ஒரே நாள்.

பிற்பகலில் மும்தாஜ் வந்தார். அடுப்படி டப்பா, குளியலறை மாடம், தலையணை அடி, அலமாரி என்று எங்கெல்லாம் மாத்திரை இருந்ததோ அதையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு, தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். காலி அட்டைகளைக்கூட விடவில்லை. மருத்துவர் மேஜையில் அதையெல்லாம் பரப்பிப் பார்த்ததும் சங்கதி விளங்கிவிட்டது. முதுகு ஊசியும் வேண்டியதில்லை என்று ஆயிற்று. மூன்று மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். சிறுநீர்ப்பைக்குக் குழாய் போட்டு வடித்தார்கள். இதயத் துடிப்பைப் பார்க்க நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். படபடப்பு அடங்க ஓர் ஊசி போட்டார்கள். மருந்து உடம்பைவிட்டு இறங்கும்வரை காவல் இருப்பதுதான் முக்கிய வைத்தியம் என்றார்கள்.

மருந்து இறங்க இறங்க, வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பள்ளிப் பிள்ளைகள் முதலில் போனார்கள். சித்தி போனதைப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் கால்மாட்டில் ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு அந்த இடத்தில் சலைன் ஸ்டாண்டின் நிழல் இருந்தது. ஒரு காலையில் முழுசாக விழித்தபோது, மேலே மின்விசிறி, சுவரில் பச்சைப் பெயின்ட், பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் யாரும் இல்லை. எனக்குப் புத்தி தெளிந்துவிட்டது என்று நர்ஸ் சந்தோஷமாகச் சத்தம் போட்டுச் சொன்னார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சாமுவேல் டீ வாங்கப் போயிருந்தான். திரும்பி வந்து என்னைப் பார்த்ததும், “அக்கா” என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். பெண்கள் வார்டில் ஆண்கள் அதிகநேரம் இருக்கக் கூடாது. அனுமதித்த நேரத்துக்குள் சாத்துக்குடி உரித்து, ஒவ்வொரு சுளையிலும் வெள்ளைத் தோலை எடுத்து, விதையையும் எடுத்துத் தருவான். விழுந்த அன்று நான் கட்டியிருந்த புடவையைத் தானே துவைத்துக் காயப்போட்டு மடித்துக் கொண்டுவந்தான். மடிப்பு கோணலாக இருந்தது. அவனுக்கு லீவு கிடைத்தது கொஞ்சம்தான். புறப்படும்போது, “எங்ககூட வந்திரு அக்கா,” என்றான். மனசாரத்தான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் அவன் முகத்தில் ஒரு கலக்கம் இருந்தது. இரண்டு அறை வீடு, இரண்டு பிள்ளைகள், மாமியாரும் கூட. “வேலைய விட்டுட்டு எப்படிடா வர முடியும்?” என்றேன். அவன் முகம் தெளிந்தது. அது எனக்குப் போதுமானதாகவும் இருந்தது, போதாமலும் இருந்தது.

அவன் போன பிறகு வார்டு நாட்கள் நீளமாயின. மருந்து வாங்க, ரத்தம் கொண்டுபோக, எதற்கும் “கூட யாரு?” என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில், வெளியே போயிருக்கிறார்கள் என்று சொன்னேன். பிறகு, சாயங்காலம் வருவார்கள் என்றேன். அதற்கும் பிறகு கேட்பதை அவர்களே விட்டுவிட்டார்கள். பாண்டியம்மாள் வேலை முடிந்து சில நாள் வந்துபோவாள். சபையிலிருந்து பெண்கள் வந்து ஜெபம் பண்ணிவிட்டு, பிஸ்கட் பாக்கெட் வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குப் பித்தப்பை ஆபரேஷன். அவரைச் சுற்றி மகளும் மருமகளும் யார் தங்குவது என்று தெலுங்கில் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எனக்காக அப்படிச் சண்டைபோட ஆள் இல்லையே என்று பொறாமையாக இருந்தது.

சிறுநீர்க் குழாயை எடுத்த அன்று பெரிய பயம். தானாகப் போகாவிட்டால் திரும்பக் குழாய் போட வேண்டியிருக்கும். கழிவறையில் உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. நர்ஸ் வெளியிலிருந்து, “பதறாதீங்கம்மா, பைப்ப தொறந்துவிட்டு அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருங்க,” என்றார். வாளி நிரம்பி வழிந்தது, அதன் பிறகு எனக்கும் வந்தது. கதவைத் திறந்தபோது அவர் காத்துக்கொண்டு நின்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான். அடுத்த நாள் மதியம் கரண்ட் போனது. கழுத்தடியில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று பயந்து கையை வைத்தேன். வேர்வை. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது.

டிஸ்சார்ஜுக்கு முன் அந்த மருத்துவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

நரம்பு குடலுக்கு “சுருங்கு” என்று ஒரு சேதி அனுப்புகிறது. டைசைக்ளோமின் அந்தச் சேதி போய்ச் சேராமல் தடுக்கிறது. குடல் தளர்கிறது, வலி நிற்கிறது. ஆனால் அதே வகைச் சேதியில்தான் எச்சில் ஊறுகிறது, வேர்வை வருகிறது, கண் பாவை சுருங்குகிறது, சிறுநீர்ப்பை பிழிந்து வெளியேற்றுகிறது. மூளையில் ஞாபகத்துக்கும் அது வேண்டும். அளவாகப் போட்டால் பெரும்பாலோருக்கு வாய் வறட்சி, லேசான தலைசுற்றல், பார்வை மங்கல் இவற்றோடு நின்றுவிடும். அளவு கூடினாலோ, அதே குணமுள்ள வேறு மருந்து சேர்ந்தாலோ எல்லாச் சேதியும் ஒரே சமயத்தில் அறுந்துபோகும். என் சளி மாத்திரையிலும் ராத்திரி மாத்திரையிலும் அந்தக் குணம் இருந்தது. வேர்க்காத உடம்பு வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் உள்ளேயே கொதித்திருக்கிறது. வெயிலில், உலைக்கருகில் வேலை செய்கிறவர்கள் இந்த மருந்து போட்டால் கூடுதல் கவனம் வேண்டும் என்றார். கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்கள், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள், குடல் அடைப்பு உள்ளவர்கள், தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் இதைப் போடக் கூடாது. கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, பால் கொடுக்கும் தாயும் போடக் கூடாது. வயசானவர்களுக்கு என்னைப்போல் புத்தி தடுமாறுவது சீக்கிரம் வரும். போட்டபின் தூக்கமோ மங்கலோ இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது, மெஷினில் நிற்கக் கூடாது.

“அப்ப இது கெட்ட மருந்தா டாக்டர்?” என்று கேட்டேன்.

“இல்லம்மா, நல்ல மருந்துதான். வலிக்குப் போட வேண்டியத நீங்க பயத்துக்குப் போட்டுட்டீங்க,” என்றார்.

பருத்திக் காட்டில் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அது தெரிந்ததுபோல இருந்தது. வயிற்று மருத்துவரிடம் திரும்பப் போகச் சொன்னார். எந்த மருத்துவரிடம் போனாலும், எந்தக் கடையில் எது வாங்கினாலும், போடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றார். கடைசியாக ஒன்று கேட்டார். மறுபடி மாத்திரை போட நேர்ந்தால், அன்றைக்கு உங்களை வந்து பார்க்க ஆள் இருக்கிறதா? இருக்கிறது என்று சொன்னேன். “யாரு?” என்றார். நான் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த கட்டிலில் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார்.

வீடு திரும்பிய அன்று மும்தாஜ் கஞ்சி கொண்டுவந்து படியில் நின்று கொடுத்தார். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, உங்களால்தான் உயிர் பிழைத்தேன் என்றேன். அவர் முந்தானை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“நீங்க என்னயப் பாத்து ஒண்ணு கேட்டீங்க, ஆஸ்பத்திரியில. ஞாபகம் இருக்கா?”

இல்லை என்றேன்.

“காப்பி குடுக்கிற மாதிரி கைய நீட்டினீங்க. அப்பொறம், ஏன் இம்புட்டு நாளா மேல வரலன்னு கேட்டீங்க. என்னயத்தான் கேட்டீங்களா, வேற யாரயும் நெனச்சுக் கேட்டீங்களான்னு தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. கூச்சத்தில் காது சுட்டது. மருந்து பேசிய பேச்சு, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். சரிக்கா என்று இறங்கிப்போனார். கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவி அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க எங்கள் பேச்சு பழையபடி மோட்டாரோடு நின்றது.

வயிற்று மருத்துவர் உணவில் சிலதை மாற்றினார், வேறு சிகிச்சை ஆரம்பித்தார். டைசைக்ளோமினை முழுசாக விலக்கவில்லை. இழுப்பு தாங்க முடியாமல் போனால் மட்டும் ஒன்று, அதோடு வேறெதுவும் சேர்க்கக் கூடாது, அன்றைக்கு வெக்கையில் வேலை கூடாது என்றார். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில் வலி பிடித்தது. சுருண்டு படுத்துப் பார்த்தேன், வெந்நீர்ப் பை வைத்துப் பார்த்தேன். அடங்கவில்லை. மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன், வாயில் போட முடியவில்லை. வலியைவிட மாத்திரைதான் பயமாக இருந்தது. தம்பிக்குப் போன் செய்யலாம். கோயம்புத்தூரிலிருந்து அவன் என் கண்ணைப் பார்க்க முடியாது.

சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். மும்தாஜ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடி, இன்றைக்கு அந்த மாத்திரை ஒன்று போடப்போகிறேன், மருத்துவர் சொல்லித்தான் போடுகிறேன், கொஞ்ச நேரம் கழித்து ஒரு தடவை என்னைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். ஒரு ஆளிடம் இப்படிக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. குரல் எனக்கே வேறு யாருடையதோபோல ஒலித்தது.

அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. “போட்டுட்டுப் படுங்க. ஒலைய எறக்கி வச்சுட்டு வாரேன்,” என்றார்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வலி மெல்லத் தளர்ந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, என் நெற்றியிலும் கழுத்திலும் கை வைத்துப் பார்த்தார், தண்ணீர் கொடுத்தார். எழுந்து உட்கார்ந்து, அவரை உட்காரச் சொல்லும்போதுதான் வீட்டில் ஒரே ஒரு நாற்காலி இருப்பதைக் கவனித்தேன். அதன்மேல் நான் மடித்து வைத்த துணிகள் இருந்தன. அவசரமாக எடுக்கப் போனேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தார். நானும் கட்டிலைவிட்டு இறங்கி எதிரில் உட்கார்ந்துகொண்டேன். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே செண்பகத்தோப்பு மலைப்பக்கம் மேகம் இறங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கீழ இருந்து பாத்தா இது தெரியாது,” என்றார்.

ஆமாம் என்றேன். மழை வரும்வரை அவர் போகவில்லை.